கம்பளியின் மேல் விழுந்த பழி

கபடியில் பாடி வருகிறவளை மடக்க இரண்டு பேர் கைகோத்து நிற்பார்கள். ஒருத்தியின் விரல்களுக்கு நடுவே இன்னொருத்தியின் விரல்கள் புகுந்து, பூட்டுப் போட்ட மாதிரி இறுகியிருக்கும். நான் ஆறாம் வகுப்பு படிக்கையில், என் விரல்களுக்கு நடுவே விரல் கொடுக்க ஒருத்தியும் வராத ஒரு காலம் வந்தது. காரணம், சிரங்கு. இந்தச் சொல்லைப் படித்ததுமே உங்களில் பாதிப் பேருக்கு எங்காவது அரித்திருக்கும். சொறிந்துகொண்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

எங்கள் வீடு மார்க்கையன்கோட்டையில். அப்பா, அம்மா, நான், இடுப்பில் கால்சட்டை தங்காத வயதில் ஒரு தம்பி, அப்பாவின் தம்பியான சித்தப்பா, அவரைக் கட்டிவந்த சித்தி என்று எல்லோரும் ஒரே கூரைக்குக் கீழே. அப்பா தென்னையும் வாழையும் பார்த்தார். சித்தப்பா ஜீப் ஓட்டினார். ஏலத்தோட்ட வேலைக்குப் போகிற பெண்களை விடிவதற்குள் அள்ளிப் போட்டுக்கொண்டு போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் இறக்கிவிட்டு, சாயங்காலம் திரும்ப ஏற்றி வருவார். அள்ளிப் போட்டுக்கொண்டு என்பது பேச்சுக்குச் சொன்னதில்லை. தோளோடு தோள், தொடையோடு தொடை, மடிக்கு மேல் மடி என்றுதான் அந்த ஜீப் மலை ஏறும். சித்தியும் அதில்தான் காய் பறிக்கப் போனாள்.

அந்த ஜீப்பில் ஒரு கம்பளி கிடந்தது. சித்தியின் அப்பா கல்யாணத்தின்போது மாப்பிள்ளைக்கென்று வாங்கிக் கொடுத்தது. காப்பிக்கொட்டை நிறம், ஓரத்தில் ஒரு சிவப்புக் கோடு. சித்தப்பாவுக்கு அதன்மேல் ஒரு பெருமை. வளைவில் காற்று அடித்து யாருக்கு நடுக்கம் எடுக்கிறதோ அவர் மேல் அது போகும். இறங்கும்போது மடித்து இருக்கைக்குப் பின்னால் வைத்துவிடுவார். வீட்டுக்குள் கொண்டுவருவது அபூர்வம்.

அம்மாவைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யாருக்காவது காய்ச்சல் என்றால் கஞ்சியோடு முதலில் போய் நிற்பவள் அவள்தான். ஆனால் அவள் காதில் விழுந்த சேதி பொழுது சாய்வதற்குள் தெருக்குழாய்க்குப் போய்விடும். மனசில் கெட்ட எண்ணம் கிடையாது. சந்தோஷத்தைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாது, அவ்வளவுதான். சித்திக்குப் பாப்பா வரப்போகிறது என்று ஒரு தடவை குழாயடி முழுக்கச் சொன்னாள், சர்க்கரை கொடுத்தாள். பாப்பா வரவில்லை. பிறகு இன்னொரு தடவையும் அப்படியே ஆனது. இரண்டு தடவையும் தெருவே எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து, எப்படி ஆச்சு, என்ன தின்ன, எதைத் தூக்கின என்று விசாரித்தது. வந்தவர்களுக்கெல்லாம் காப்பி போட்டுக் கொடுத்தபடி சித்தி ஒரே பதிலைத் திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தெரிந்ததெல்லாம், வருகிறேன் என்று சொன்ன ஒரு பாப்பா இரண்டு முறை ஏமாற்றிவிட்டது என்பதுதான்.

அரிப்பு முதலில் எனக்குத்தான் தெரிந்தது. மணிக்கட்டில் கடுகு மாதிரி நாலைந்து பொரி. பிறகு விரல் இடுக்கு, அக்குள், இடுப்பில் பாவாடை நாடா இறுக்கும் இடம். பகலில் மறந்திருக்கும், படுத்தால் எழுப்பிவிடும். பிறகு தம்பி. ஆற்றுத் தண்ணீர் சேரவில்லை என்றார் அப்பா. கத்தரிக்காயை நிறுத்து என்றார் சித்தப்பா. வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசியதில் நான் மஞ்சளாகத் திரிந்தேனே தவிர அரிப்பு குறையவில்லை. அப்புறம் மெடிக்கலில் கேட்டு அம்மா ஒரு வெள்ளைக் களிம்பு வாங்கி வந்தாள். அதைப் பூசியதும் சிவப்பு அடங்கி, எல்லாம் போய்விட்ட மாதிரி இருந்தது. உண்மையில் அந்தக் களிம்பு பூச்சிக்குத் தாலாட்டுத்தான் பாடியிருக்கிறது. பத்து விரலும் புண்ணாகி நான் பேனா பிடிக்க முடியாமல் நின்றபோதுதான் விஷயம் பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது.

பி.டி. டீச்சர் மைதானத்தில் என் கையைத் திருப்பிப் பார்த்தார்.

"என்னடி இது?"

"வெயில் கொப்புளம் டீச்சர்."

"வெயிலு விரலுக்கு நடுவுலதான் அடிக்குமா? சரியாக்கிட்டு வா. அதுவரைக்கும் கோட்டுக்கு வெளிய நில்லு."

கோட்டுக்கு வெளியே. அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் சின்னமனூரில் பள்ளிகளுக்கிடையே போட்டி இருந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து அணிக்குள் போனவள் நான் ஒருத்திதான். அந்தக் கோட்டுக்கு வெளியே நின்றபோது எனக்கு வந்த அழுகை அரிப்பால் வந்ததல்ல. அதற்குள் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தவள் பையைத் தூக்கிக்கொண்டு பின் பெஞ்சுக்குப் போயிருந்தாள். "எங்கம்மா உன்கூட ஒட்டக்கூடாதுன்னுச்சு" என்று நேர்மையாகச் சொல்லிவிட்டுத்தான் போனாள்.

அடுத்த நாளே அம்மா என்னையும் தம்பியையும் இழுத்துக்கொண்டு சுகாதார நிலையத்துக்குப் போனாள். அங்கிருந்த நர்சம்மாவுக்குச் சொந்த ஊர் மலைக்கு அந்தப் பக்கம். இங்கே வாக்கப்பட்டு எங்களைப் போலவே பேசினாலும், பிள்ளைகளைக் கொஞ்சும்போது மட்டும் மலையாளம் வந்துவிடும். டாக்டர் பார்த்து எழுதிக் கொடுத்ததும் எங்களை உட்காரவைத்து விளக்கியது அவர்தான்.

"கண்ணுக்குத் தெரியாத பூச்சிம்மா. தோலுக்குள்ள சுரங்கம் வெட்டி முட்டை போடும். வீட்டுல எத்தனை பேரோ அத்தனை பேருக்கும் மருந்து தாரேன்."

"எதுக்கு நர்சம்மா, எங்களுக்கெல்லாம் அரிக்கலயே. இதுக ரெண்டுக்கும்தான்" என்றாள் அம்மா.

"இன்னைக்கு அரிக்கல. முதத் தடவ வந்தா ஒரு மாசம்கூடச் சத்தம் காட்டாம இருக்கும். இவளுக்கு மட்டும் பூசுனா அது உங்க மேல குடியேறும், உங்களுக்குப் பூசுறப்ப இவ மேல திரும்பி வரும். வாடகையில்லாத வீடுல்ல. எல்லாரும் ஒரே நாள்ல பூசணும்."

கழுத்திலிருந்து உள்ளங்கால் வரைக்கும், அரிக்கிற இடம் அரிக்காத இடம் என்று பார்க்காமல் பூச வேண்டும். விரல் இடுக்கு, தொப்புள், நகத்துக்கு அடி எதையும் விடக்கூடாது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். பூசியபின் கை கழுவினால் கையில் மறுபடி பூச வேண்டும். மறுநாள் காலையில் குளிக்கலாம். அன்றைக்கே உடுத்தியது, போர்த்தியது, விரித்தது எல்லாவற்றையும் வெந்நீரில் துவைத்து வெயிலில் போட வேண்டும். துவைக்க முடியாததைச் சாக்கில் இறுக்கிக் கட்டிச் சில நாள் மூலையில் வைத்தால் போதும், மனிதத் தோல் கிடைக்காமல் பூச்சி செத்துவிடும். ஒரு வாரம் கழித்து எல்லோரும் இன்னொரு தடவை பூச வேண்டும். பூச்சி செத்தபிறகும் சில வாரம் அரிப்பு இருக்கும், பயப்படக்கூடாது. நான் ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிக் காட்டினேன். அப்போதே எனக்கு அப்படி ஒரு வியாதி, கேட்டதை ஒப்பிக்காமல் இருக்க முடியாது.

கிளம்பும்போது நர்சம்மா கூப்பிட்டார். "புள்ளத்தாச்சி யாராச்சும் இருந்தா எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுப் பூசச் சொல்லு, என்ன?"

"எங்க வீட்டுல யாரு நர்சம்மா" என்றாள் அம்மா.

சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்பியதும் அம்மா கூடத்தின் நடுவில் நின்று பிரசங்கம் செய்தாள். நான் எடுத்துக் கொடுத்தேன். அம்மா சொல்லும்போது எதுவும் கொஞ்சம் கூடித்தான் வரும். வெந்நீர் கொதிநீர் ஆனது, சில நாள் ஒரு மண்டலம் ஆனது. கடைசியாக, "புள்ளத்தாச்சிக மட்டும் இதத் தொடவே கூடாதாம். நம்ம வீட்டுல அந்தக் கவல ஏது" என்றாள். சித்தி முறத்தில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்தாள். தம்பி கேட்டான் என்று அவளிடம் நான் ஒரு கை உளுந்துக்காகக் கையை நீட்டியிருந்தேன். முறம் நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் உளுந்து என் கைக்கு வந்தது.

சனிக்கிழமை பொழுது சாயும்போது வீடே களிம்புக்கடை ஆனது. ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில். சித்தப்பா பூசிய உடம்போடு எங்கேயும் ஒட்டாமல், இறக்கை விரித்த கொக்கு மாதிரி நின்றுகொண்டு, "அண்ணே, முதுகுல ஒரு எடம் விட்டுப்போச்சு" என்று அப்பாவைப் படுத்தினார். தம்பி கையை நக்கிவிடக்கூடாது என்று அவன் இரண்டு கையிலும் சித்தப்பாவின் காலுறையை மாட்டினார்கள். அவன் குத்துச்சண்டைக்காரன் மாதிரி எல்லோரையும் குத்திக்கொண்டே தூங்கினான். உள்ளறையில் அம்மா எனக்குப் பூசினாள், நான் அம்மாவுக்குப் பூசினேன். சித்தி மட்டும் அடுப்படியிலிருந்து வரவில்லை.

"நீங்க பூசிக்கங்க அக்கா. நான் பால உறை ஊத்திட்டு அப்பறம் பூசிக்கிறேன்."

மறுநாள் வாசலில் அண்டாவில் தண்ணீர் கொதித்தது. கொடி போதாமல் வேலி, வைக்கோல் படப்பு, மோட்டார் அறைக் கூரை எல்லாவற்றிலும் எங்கள் துணி காய்ந்தது. போகிறவர்கள் எல்லாம் நின்று, "என்னத்தா, வீட்டுல விசேசமா?" என்று கேட்டார்கள். "சும்மாதான், வெயிலு நல்லா அடிக்குதேன்னு" என்றாள் அம்மா. சிரங்கு என்று சொல்ல அவளுக்கே நாக்கு வரவில்லை. ஒரு வாரம் கழித்து மறுபடியும் அதே கூத்து. அப்போதும் சித்தி பால் உறை ஊற்றினாள்.

எனக்குப் புண் ஆறியது. பி.டி. டீச்சர் கையைப் பார்த்து உள்ளே வரச் சொன்னார். ஓரத்தில் நிற்கிற அக்கா என் கையைப் பிடித்தாள், நல்ல இறுக்கமாக. அந்த இறுக்கத்தை நான் வீட்டில் போய் எல்லோரிடமும் சொன்னேன்.

அப்புறம் மழை பிடித்தது. குளிருக்கு நானும் தம்பியும் சித்தியின் இரண்டு பக்கமும் ஒட்டிப் படுத்தோம். சில நாட்களிலேயே விரல் இடுக்கில் மறுபடியும் கடுகு. நான் யாரிடமும் சொல்லாமல் கையை மூடிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். கபடியில் கையை மூடிக்கொள்ள முடியுமா? ஓரத்து அக்கா தொட்டுப் பார்த்து, தன் கையைப் பாவாடையில் துடைத்தாள். அந்தத் துடைப்பு இருக்கிறதே, அதை இன்றைக்கும் என்னால் சாதாரணமாக எழுத முடியவில்லை. போட்டிக்கு அதிக நாள் இல்லை. டீச்சர் வேறு ஒருத்தியை என் இடத்தில் நிறுத்தினார்.

மறுபடியும் சுகாதார நிலையம். நர்சம்மா என் கையைப் பார்த்துவிட்டு அம்மாவைப் பார்த்தார்.

"யாரோ ஒருத்தர் பூசல."

"சத்தியமா எல்லாரும் பூசுனோம் நர்சம்மா. நான் நின்னு பூச வச்சேன்."

"அப்ப பூச்சி பொய் சொல்லுதா?" என்று சிரித்துவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். "மோளே, நீதான் படிக்கிற புள்ள. அது யாருன்னு கண்டுபிடி பாப்போம்."

அவர் விளையாட்டுக்குச் சொன்னார். நான் அதைப் போலீஸ் வேலையாக எடுத்துக்கொண்டேன்.

எல்லோருடைய விரல் இடுக்கையும் பார்க்க வேண்டும், ஆனால் யாருக்கும் தெரியக்கூடாது. நான் கண்டுபிடித்த வழி மருதாணி. வாய்க்கால் கரையில் பறித்துவந்து அம்மியில் அரைத்து, அப்பா உட்பட எல்லோரையும் கூப்பிட்டு உட்காரவைத்தேன். "ஏத்தா, எனக்கு எதுக்கு மருதாணி, நான் என்ன கல்யாணப் பொண்ணா?" என்று அப்பா கூச்சப்பட்டார். சுண்டுவிரலில் ஒரு பொட்டு வைத்துவிட்டுக் கையை ஆராய்ந்தேன். சுத்தம். சித்தப்பாவின் கையில் ஸ்டியரிங் காய்ப்பு இருந்தது, பொரி இல்லை. அம்மாவுக்கு என்னைப் போலவே இப்போதுதான் ஒன்றிரண்டு.

சித்தி வரவில்லை. கிணற்றடிக்குத் தேடிப்போனேன். கையை நீட்டச் சொன்னால் முந்தானைக்குள் வைத்துக்கொண்டாள். நான் வெடுக்கென்று பிடித்து இழுத்துவிட்டேன். விரல்களுக்கு நடுவே பழைய புண், புதுப் புண், சொறிந்து சொறிந்து தோல் தடித்துப்போயிருந்தது. இத்தனையையும் வைத்துக்கொண்டு எங்கள் முன்னால் அவள் ஒரு தடவைகூடச் சொறிந்ததில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"சித்தி, நீ பூசவே இல்லைல?"

அவள் சுற்றிப் பார்த்துக்கொண்டாள். "அந்த மருந்து வாசம் எனக்கு ஒத்துக்கல ஆத்தா. உங்கம்மாட்டச் சொல்லிறாத, என்ன? எங்கண்ணுல்ல."

"நீ பூசாம எனக்கு எப்படிச் சரியாகும்? எனக்கு மேட்ச் இருக்கு சித்தி!"

"தெரியும்" என்றாள். அவள் கண் கலங்கியது. "இன்னுங் கொஞ்ச நாளு பொறுத்துக்க. அப்பறம் பூசிக்கிறேன்."

"எத்தன நாளு?"

இனிமேல் தன் பக்கத்தில் வந்து படுக்க வேண்டாம் என்று மட்டும் சொன்னாள். அன்றிலிருந்து அடுப்படியில் தனியாகச் சாக்கை விரித்துப் படுத்தாள். எனக்கு அவள்மேல் கோபம்தான் வந்தது. வாசம் பிடிக்கவில்லையாம். என் இடத்தில் வேறு ஒருத்தி நின்றுகொண்டிருக்கிறாள், இவளுக்கு வாசம் பிடிக்கவில்லையாம்.

அம்மாவிடம் சொல்லக்கூடாது என்றுதானே சொன்னாள்? மறுநாள் பள்ளிக்கூடம் விட்டதும் நேராக நர்சம்மாவிடம் போனேன்.

"எங்க சித்திதான். வாசம் ஒத்துக்கலன்னு பூசலயாம். அதுக்கு எதுவுமே ஒத்துக்காது நர்சம்மா. ஜீப்புல போனா வளைவுக்கு வளைவு வாந்தி. தாளிச்சாக்கூட மூக்க மூடிக்கிட்டு வெளிய ஓடிருது. கருவாட்டுக் குழம்பு வச்சா அன்னைக்குச் சாப்பாடே கெடையாது."

நர்சம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "எப்ப இருந்து இப்படி?"

"காலாண்டு லீவுல இருந்து. எங்க சித்தப்பா சொல்றாக, மலைப்பாதைல எல்லாருக்கும் வர்றதுதானாம்."

"உங்கம்மாக்குத் தெரியுமா?"

"எது, வாந்தியா?"

அவர் என்னைப் பக்கத்தில் இழுத்து, கலைந்திருந்த என் ரிப்பனை முடிந்துவிட்டார். "நல்ல வேலை பாத்த மோளே. மிச்சத்த நான் பாத்துக்கறேன். நீ இத வேற யார்ட்டயும் சொல்லக்கூடாது, என்ன? துப்பறியிறவுக வெளிய பேச மாட்டாக."

தம்பிக்கு எடை பார்க்க வேண்டும் என்று சொல்லி அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். தம்பியைத் தராசில் தொங்கவிட்டார். பிறகு, உள்ளறையில் வெளிச்சத்தில் பார்க்க வேண்டும் என்று சித்தியை அழைத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்தினார். உள்ளறையில் வெளிச்சமே கிடையாது. சித்தி நன்றாகத் திட்டு வாங்கப்போகிறாள் என்று நான் கதவோரம் நின்றேன். திட்டு கேட்கவில்லை. குசுகுசுவென்று பேச்சு, அப்புறம் ஒரு சத்தம். அது அழுகையா சிரிப்பா என்று எனக்குப் பிடிபடவில்லை.

கதவு திறந்ததும் நான் நர்சம்மாவின் முகத்தையே பார்த்தேன். இப்போது சொல்வார், எல்லோர் முன்னாலும் சொல்வார். அவர் கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். சித்தப்பா அன்றைக்குக் காய்ச்சல் என்று ஜீப் கம்பளியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது என்னது?"

"ஜீப்புக் கம்பளி நர்சம்மா. வண்டியிலயே கெடக்கும்."

"அன்னைக்கு இத வெந்நீல போட்டீகளா? சாக்குல கட்டுனீகளா?"

அண்டா கொதித்த அன்றைக்கு அந்தக் கம்பளி ஜீப்பில் இருந்தது. எல்லோரும் மறந்துபோயிருந்தோம்.

"அப்ப சரி. விட்டுப்போனது இதுதான்" என்றார் நர்சம்மா. "இதச் சாக்குல கட்டிப் போடுங்க. ஜீப்புல வர்ற பொம்பளைகளையும் வந்து என்னயப் பாக்கச் சொல்லுங்க. நீங்க எல்லாரும் மறுபடி ஒரே நாள்ல பூசுங்க. நான் சித்திகாரிக்குத் தனியா விளக்கிச் சொல்லிட்டேன்."

நான் வாயைத் திறந்தேன். நர்சம்மா என்னைப் பார்த்தார். துப்பறிகிறவர்கள் வெளியே பேச மாட்டார்கள். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் உள்ளே கொதித்தது. குற்றவாளி கதவுக்குப் பக்கத்தில் நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டு புன்னகைக்கிறாள், பழி ஒரு கம்பளிக்குப் போகிறது!

"நான் அப்பவே நெனச்சேன்" என்றாள் அம்மா, அப்படி ஒரு நாளும் நினைத்திராதவள். "கட்டிப் போட்டாப் பத்தாது, அவிச்சாத்தான் சாகும்."

"மதினி, கம்பளிய அவிக்கக் கூடாது. எங்க மாமனாரு குடுத்தது" என்று சித்தப்பா பதறினார்.

"அவிங்கக்கா" என்றாள் சித்தி. தன் அப்பா கொடுத்த கம்பளிக்கு அவளே தீர்ப்புச் சொன்னாள். "அதுலதான் இருக்கும்."

கம்பளி கொதித்தது. அம்மா ஒரு கம்பால் கிளறினாள். காய்ந்தபிறகு எடுத்துப் பார்த்தால் அட்டை மாதிரி தடித்து, பாதிக்கும் கீழே சுருங்கியிருந்தது. சித்தப்பா போர்த்திப் பார்த்தார், ஒரு தோள்தான் மூடியது. "எதுக்கு ஆகும் இது? ஒரு கைப்புள்ளயச் சுத்தத்தான் ஆகும்" என்றார். சொல்லிவிட்டுச் சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு சித்தியைப் பார்த்தார். அடுத்த வருடம் அதில் ஒரு கைப்பிள்ளையைச் சுற்றவும் செய்தார்கள். குத்தக்கூடாது என்று உள்ளே அம்மாவின் பழைய வாயில் சேலையை மடித்து வைத்துத்தான். அது பிறகு.

மூன்றாவது முறையாக வீடு களிம்புக்கடை ஆனது. இந்த முறை சித்தி பால் உறை ஊற்றவில்லை. உள்ளறைக்கு வந்து உட்கார்ந்தாள். நர்சம்மா அவளிடம் என்ன சொன்னார் என்று இப்போது என்னால் ஊகிக்க முடிகிறது. மருந்தியல் படிக்கிறேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கிறவர்கள் கேட்டுவிட்டுப் பூசினால் போதும் என்பதும், தொடவே கூடாது என்பது அம்மாவின் சொந்தச் சேர்க்கை என்பதும் தெரியும். அப்போது தெரியாது. அம்மா சித்தியின் முதுகில் பூசினாள், இடுப்பில் பூசினாள், பிறகு அடிவயிற்றுக்குக் கையைக் கொண்டுபோனாள். கை அங்கேயே நின்றது. அம்மா நிமிர்ந்து சித்தியின் முகத்தைப் பார்த்தாள். சித்தி தலையை அசைத்தாளா, வெளியே சொல்ல வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டாளா, எனக்கு ஞாபகமில்லை. அம்மா ஒன்றும் சொல்லவில்லை என்பது மட்டும் ஞாபகம் இருக்கிறது. ஒன்றுமே சொல்லவில்லை. எனக்கு அவள் தேய்த்துப் பூசியது போல இல்லாமல், ரொம்ப மெதுவாக, தொப்புளைச் சுற்றிப் பூசி முடித்தாள்.

போட்டிக்கு முந்தின நாளும் என் கையில் தழும்பு இருந்தது, அரிப்பும் மிச்சமிருந்தது. "மருந்து போட்டாச்சு டீச்சர், பூச்சி செத்துப்போச்சு, அரிப்பு மட்டும் கொஞ்ச நாளைக்கு இருக்குமாம்" என்று ஒப்பித்தேன். டீச்சர் நம்பி என்னைப் பழைய இடத்தில் நிறுத்தினார், பெண்கள் நம்பவில்லை. ஓரத்து அக்கா கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். அந்த நேரம் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்க நர்சம்மா பள்ளிக்கூடத்துக்கு வந்தவர், மைதானத்துக்குள் செருப்போடு நடந்து வந்தார். என் கையை எடுத்துத் தன் விரல்களை என் விரல்களுக்கு நடுவே கோத்துக்கொண்டார். அப்படியே நின்று டீச்சரோடு மழையைப் பற்றி, வாழைத்தார் விலையைப் பற்றி, என்னென்னவோ பேசினார். நான் விடுவிக்கப் பார்த்தேன். அவர் விடவில்லை. பேசி முடித்து என் கையை அந்த அக்காவிடம் ஒரு பொருளைக் கொடுப்பது போலக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் வாங்கிக்கொண்டாள்.

சின்னமனூரில் நாங்கள் தோற்றோம். நல்ல தோல்வி. நானும் ஓரத்து அக்காவும் சேர்ந்து அவர்கள் பக்கத்து நெட்டைப் பெண்ணை ஒரு தடவை மடக்கினோம். அதை ஊரெல்லாம் சொல்ல வேண்டும் என்று ஓடிவந்தபோது அம்மா குழாயடியில் இருந்தாள். கூட்டம் அவளைச் சுற்றி நின்றது.

"ஏன்த்தா, உன் ஓரகத்தி இப்பல்லாம் ஜீப்புக்கு வர்றதில்லயே, என்னா விசயம்?" என்று ஒருத்தி கேட்டாள். கேள்வியில் ஒரு கொக்கி இருந்தது.

"அதையேன் கேக்குற!" அம்மா குடத்தைக் கீழே வைத்தாள். "எல்லாம் அந்தக் கம்பளியால வந்த வினை. சிரங்கு, சிரங்கு! கையெல்லாம் புண்ணு. மலைக் குளிரு ஆகவே ஆகாதுன்னு நர்சம்மா சொல்லிட்டாக. வீட்டுலயே இருக்கட்டும்னு நான்தேன் சொன்னேன். அந்தக் கம்பளிய அவிச்சேன் பாரு, எப்படிச் சுருங்குச்சுங்கிற…"

வெந்நீரில் துணி துவைத்த அன்றைக்கு வெயில் நன்றாக அடிக்கிறது என்று மழுப்பியவள், இன்றைக்குக் குழாயடி நடுவில் நின்று சிரங்கு என்று உரக்கச் சொல்கிறாள். அதுவும் கையைக் காலை ஆட்டி, எல்லோரையும் சிரிக்கவைத்து. என்னால் தாங்க முடியவில்லை.

"பொய்! கம்பளியால இல்ல, சித்திதான்…"

அம்மா என் புஜத்தில் கிள்ளினாள். இப்போதுதான் ஆறியிருந்த இடம். சுரீர் என்றது. கிள்ளிய கையை எடுக்காமலே, சிரிப்பும் குறையாமலே, கம்பளிக் கதையை விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். சித்தப்பா அதைத் தோளில் போட்டுப் பார்த்தது, அது ஒரு பக்கம்கூட எட்டாதது, எல்லாம் வந்தது. கைப்பிள்ளை பற்றி அவர் சொன்னது மட்டும் வரவில்லை.

நான் அழுதுகொண்டே வீட்டுக்குப் போனேன். நான் உண்மையைச் சொன்னேன், கிள்ளு வாங்கினேன். பெரியவர்கள் எல்லோரும் சேர்ந்து ஒரு கம்பளியை ஏமாற்றுகிறார்கள். எங்கள் அம்மாவால் ஒரு சேதியைக்கூட உள்ளபடி சொல்ல முடியாது என்றுதான் அன்றைக்கு நினைத்தேன்.